பெயர்களைச் சொன்னது யார்? இளையோர் நாவல்களை எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

இளையோருக்கான வரலாற்றுப் புனைவுகளை எழுதுகிற, பதிப்பிக்கிற, பள்ளி நூலகங்களுக்குத் தேர்ந்தெடுக்கிற மலேசியத் தமிழ் அன்பர்களுக்கு,

வணக்கம்.

தமிழ் ஆசிரியராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இரண்டாம் உலகப் போரின்போது சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் ஆள் பிடித்துப் போட்ட ரயில் பாதையை, நாம் சயாம் மரண ரயில் என்று சொல்வதை, வைத்துப் பதின்ம வயதினர் படிப்பதற்கென்று ஒரு நாவல் எழுதி ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தேன். பதிப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் எனக்கு எழுதிய பதிலில் இருந்த எண்ணம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பிறகு நான் பேசிப்பார்த்த ஆசிரியர்களும் பெற்றோர்களும் தெளிவாகவே உணர்த்திவிட்டார்கள். ஆகவே இதைத் தனிமடலாக அனுப்பாமல் உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

பதிலில் பாராட்டு தாராளமாகவே இருந்தது. அதற்குக் கீழே, கதையில் ஜப்பானியருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கங்காணியை, அதாவது தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்ப்பவரை, தமிழராகக் காட்ட வேண்டாம், வேறு இனத்தவராக மாற்றிவிட்டால் நம் பிள்ளைகளுக்கு உறுத்தாது என்று ஒரு யோசனை. அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லையென்றால், கழுத்தில் வாளை வைத்து அவரிடமிருந்து பெயர்களைப் பிடுங்கியதாகவாவது எழுதலாம் என்று மாற்று யோசனை. கடைசி அத்தியாயத்தில் கங்காணியின் கொள்ளுப்பேரன் பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு, அவர்களும் மன்னித்து, இரு வீட்டாரும் சேர்ந்து பொங்கல் வைப்பதாக முடித்தால் நிறைவாக இருக்கும் என்பது முத்தாய்ப்பு. நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டவைதாம். இவற்றில் ஒன்றையும் ஏன் என்னால் ஏற்க முடியவில்லை என்பதைச் சொல்வதற்கு நடந்தது என்ன என்பதை முதலில் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

1941 டிசம்பர் 8 அன்று மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விட்டு ஓடினார்கள். ரப்பரை ஏற்றுமதி செய்ய வழியில்லாமல் போனதும் வேலை நின்றது, கூடவே அரிசியும் நின்றது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வீங்கிய கால்களோடு லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் கிடந்தவர்களிடம், சயாமில் வேலை இருக்கிறது, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லப்பட்டது. தாமாகப் போனவர்கள் போதவில்லை. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று ஆட்களைக் கூட்டிக் கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதையைத் தோட்டத்துக்குத் தோட்டம் கேட்கலாம். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட தண்டவாளத்தின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று ஒன்று சேர்ந்தன. ஆண்டுக்கணக்கில் முடிய வேண்டிய வேலையை மாதக்கணக்கில் முடித்ததன் விலை, அங்கே இறக்கிவிடப்பட்டவர்களின் உயிர்.

போர்க்கைதிகளாக அங்கே கொண்டுபோகப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் படையினர் 60,000 பேருக்கும் மேல். அவர்களில் 12,000 பேருக்கும் மேல் மாண்டார்கள். பர்மியர், தமிழர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் அளவில் இருந்தார்கள். அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து போன 70,000க்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கைதிகளின் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பேணப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கைதிகளிடம் மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், ஒளித்து வைத்த குறிப்பேடுகள் இருந்தன. நம்மவர்களிடம் அவை எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கைதிகளின் முகாமில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று கட்டளையிட ஒரு மருத்துவராவது இருந்தார். தமிழர்களின் கொட்டகைகளில் அதைச் சொல்லவும் ஆள் இல்லை. ஆறு ஓடிக்கொண்டிருந்தது, குடித்தார்கள்.

இதுவரை சொன்னவற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில் உங்களில் யாருக்கும் மறுப்பு இல்லை. நாம் பட்ட பாட்டைச் சொல்லச் சொல்லக் கேட்கப் பிள்ளைகளும் தயாராகவே இருக்கிறார்கள். சிக்கல் அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. ஒரு தோட்டத்திலிருந்து இத்தனை ஆள் வேண்டும் என்று எண்ணிக்கையைச் சொன்னவர் ஜப்பானிய அதிகாரி. அந்த அதிகாரிக்கு முனியாண்டியையும் தெரியாது, மாரிமுத்துவையும் தெரியாது. எண்ணுக்கு நேரே பெயர்களை வைத்தவர் யார்?

என் தாத்தா சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். செக்ரோல் என்னும் ஆள் பதிவேடு கிராணியின், அதாவது தோட்ட எழுத்தரின், கையில் இருந்தாலும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பவர்களில் யாருக்குத் தாய் படுக்கையில் கிடக்கிறாள், யார் கள்ளுக்கடையில் வாய் நீளுகிறவன், யார் மூன்று மாதமாகக் கடனைத் திருப்பித் தரவில்லை என்பதெல்லாம் கங்காணிக்குத்தான் தெரியும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். துரைமாரோ கிராணிமாரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்கிற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; படையை அழைத்துச் சுட்டுத்தான் அதை அடக்கினார்கள். எங்கள் தோட்டத்திலும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொன்ன இளைஞர்கள் இருவர் இருந்தார்கள். 1943 தொடக்கத்தில் 20 பேர் வேண்டும் என்று உத்தரவு வந்தபோது தாத்தா சொன்ன முதல் இரண்டு பெயர்கள் அவர்களுடையவை. அதன்பின் தனிக்கட்டைகள். அதன்பின் அவரிடம் கடன்பட்டிருந்தவர்கள். இருபதாவது இடத்தில் அவருடைய அக்காள் மகனின் பெயர் வந்திருக்க வேண்டும். ஒரே தொங்கல் லயத்தில் குடியிருந்த வேறொருவரின் பெயரைத் தாத்தா சொன்னார்.

இதை எனக்குச் சொன்னவர் என் அப்பாயி. தாத்தா இறந்த மறு ஆண்டு, 1974இல், வாசலில் உட்கார்ந்து விளக்குமாற்றுக்கு ஈர்க்கு சீவிக்கொண்டே, ஏதோ அரிசி விலையைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அப்போது 17 வயது. போன 20 பேரில் மூவர் திரும்பி வந்தார்கள் என்றும், அந்த இருபதாவது ஆள் திரும்பவில்லை என்றும், அவருடைய பேரன்தான் என்னோடு ஒரே பேருந்தில் இடைநிலைப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த என் நண்பன் என்றும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கிழங்கு தின்ற அந்த நாள்களிலும் எங்கள் வீட்டில் அரிசிச் சோறு இருந்தது என்று அப்பாயி பெருமையாகச் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்டேன். அவர் ஈர்க்கைச் சீவிக்கொண்டே இருந்தார்.

அந்த 20 பெயரில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. நான் பிறந்ததே 1957இல், நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டில். ஆனாலும் மறுநாள் பேருந்தில் என் நண்பனுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். அந்த ஒரு நாளைத்தான் நான் நாவலாக எழுத முயன்றேன். குற்றம் செய்யாத ஒருவனை நிற்க வைத்தது எது என்பதைப் பிள்ளைகளோடு சேர்ந்து யோசிக்க வேண்டும் என்பதற்காக எழுதிய கதையில் கங்காணியை மலையாளியாகவோ யாழ்ப்பாணத்துக்காரராகவோ மாற்றிவிட்டால் மிஞ்சுவது என்ன? அன்றைய கிராணிமாரில் பலர் அந்த இரண்டு கூட்டத்தையும் சேர்ந்தவர்கள் என்பது உண்மை. அவர்கள் கையால் எழுதப்பட்ட பட்டியல்களும் இருந்திருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எழுத வேண்டிய நாவலை அவர்கள் எழுதட்டும். என் வீட்டுக் கதையைத் தூக்கி அவர்கள் வாசலில் போட்டுவிட்டு, அதைப் பிள்ளைகளின் மனநலம் என்ற பெயரில் பதிப்பிப்பதை நான் இரண்டாவது பட்டியல் என்றே சொல்வேன். அங்கேயும் ஒருவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொருவர் பெயரை வைக்கிறோம்.

துப்பாக்கி முனை, வாள் முனை என்கிற மாற்று யோசனைக்கும் வருகிறேன். கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவக் காவல்துறையின் பெயரைக் கேட்டால் ஊரே நடுங்கிய காலம் அது. பெயர் கொடுக்க மறுத்திருந்தால் தாத்தாவின் கதி என்ன ஆகியிருக்கும் என்பதை நான் மறைக்கவில்லை. நாவலில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 20 பேரைக் கொடுக்காமல் இருப்பது அவர் கையில் இல்லை. எந்த 20 பேர் என்பது அவர் கையில் இருந்தது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகச் சின்னது. என் நாவல் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில்தான் நடக்கிறது. அதை வாள் முனையால் அடைத்துவிட்டால் 14 வயதுப் பிள்ளை தன் வாழ்க்கையில் என்றைக்காவது நிற்கப்போகிற இடத்தையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம். கட்டாயமும் தேர்வும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் இடங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கின்றன என்பது ஆசிரியராக இருந்த எனக்குத் தெரியும். யார் பேசியது, பெயர் கொடு என்று மாணவத் தலைவனிடம் கேட்டுப் பழகியவர்கள் நாம்.

பிள்ளைகளுக்கு உறுத்தும் என்ற உங்கள் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்த அச்சத்தில் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கின்றன. தமிழில் பழி என்றொரு சொல் இருக்கிறது, கடன் என்றொரு சொல் இருக்கிறது. பழி செய்தவனுடையது, அதைப் பேரன் தலையில் சுமத்தினால் அது அநியாயம், இன்னும் நாலு தலைமுறைக்குப் பகையை வளர்க்கும் வழியும்கூட. கடன் அப்படியன்று. தகப்பனுடைய வீட்டையும் காணியையும் எடுத்துக்கொண்ட பிள்ளை தகப்பன் பட்ட கடனை மட்டும் எனக்குத் தெரியாது என்று சொன்னால் ஊர் சிரிக்கும். இறந்தவர்களுக்குச் செய்வதையும் நாம் கடன் என்றுதான் சொல்கிறோம். என் அப்பா எட்டு வயதில் வீங்காத காலோடு ஓடியாடியது அந்த அரிசியால். அவர் உயிரோடு இருந்ததால் நான் இருக்கிறேன், படித்தேன், ஆசிரியரானேன், ஓய்வூதியம் வாங்குகிறேன். என் மேல் பழி இல்லை. கடன் இல்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. இளையோர் நாவல் இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்று நான் நம்புகிறேன். குற்றவாளியை மாற்றி எழுதும் நாவலால் அது முடியாது, ஏனென்றால் அதில் பழியும் இல்லை, கடனும் இல்லை, பரிதாபம் மட்டுமே இருக்கிறது.

ஜப்பானியரிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2015 ஆகஸ்ட் 14 அன்று, போர் முடிந்த 70ஆவது ஆண்டையொட்டிப் பேசிய அன்றைய ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே, அந்தப் போரோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குப் பின் வருகிறவர்களும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய நிலையை உண்டாக்கக் கூடாது என்றார். தலைமுறை கடந்தும் கடந்த காலத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பதையும் அதே உரையில் சொன்னார். ஆனால் செய்திகளில் முந்திய வாக்கியம்தான் அடிபட்டது. அதைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தை என் மனைவி இன்னும் கேலி செய்வதுண்டு. தண்டவாளத்தின் திறப்பு விழாவில் ஓடிய சி56 வகை நீராவி எஞ்சின் இன்றும் தோக்கியோவில், போரில் இறந்த ஜப்பானியருக்கான யசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியகத்தில் துடைத்து மெருகேற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது, அதைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைக்குத் தோட்டத் தமிழனைப் பற்றி யார் சொல்வார் என்றெல்லாம் அன்று சத்தம் போட்டேன். மூன்று நான்கு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவர் தம் நாட்டுப் பேரப்பிள்ளைகளுக்காகக் கேட்ட விடுதலையைத்தான் நான் என் தாத்தா விஷயத்தில் 40 ஆண்டுகளாக வாய் திறக்காமல் அனுபவித்து வந்திருந்தேன்.

வேறு விதமாக நடந்துகொண்டவர்களும் ஜப்பானில் இருக்கத்தான் செய்தார்கள். காஞ்சனபுரியில் ராணுவக் காவல்துறைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தக்காஷி, போர் முடிந்த கையோடு கல்லறைகளைத் தேடிப் போன நேசநாட்டுக் குழுவோடு அந்தத் தண்டவாளம் நெடுகப் போனவர். வதைக்கப்பட்டவர்களின் குரலை மொழிபெயர்த்த வாய் அவருடையது. அதன் பிறகு 2011இல் இறக்கும் வரை நூறு முறைக்கும் மேல் தாய்லாந்துக்குப் போய்வந்தார். அந்த ரயில் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்துக்கு அருகில் கோயில் கட்டினார். தான் உடனிருக்க வதைபட்ட ஒரு பிரிட்டிஷ் கைதியை அரை நூற்றாண்டு கழித்து நேரில் சந்தித்துத் தலை வணங்கினார். இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இளையோர் நாவல்களில் இரக்கமுள்ள ஜப்பானியச் சிப்பாய் ஒருவர் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறார். கதாநாயகச் சிறுவனுக்கு இரவில் சோற்று உருண்டை கொடுத்துவிட்டு அடுத்த அத்தியாயத்தில் இறந்துபோகிறார். நாகாசே சோற்று உருண்டை கொடுத்தவர் அல்லர். தான் செய்ததைச் சொன்னவர். பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தத் தக்கவர் அவரே தவிர உருண்டைக்காரர் அல்லர்.

முகாம்களில் கைதிகளைக் காவல் காத்து அடித்தவர்களில் பலர் ஜப்பானியர் அல்லர், ஜப்பானின் குடியேற்ற ஆட்சியில் சிக்கியிருந்த கொரியர்கள் என்பதும் நம் கதைகளில் வருவதில்லை. போருக்குப் பின் நடந்த விசாரணைகளில் கொரியர்கள் 148 பேர் போர்க் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டார்கள்; 23 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அடிமைப்பட்டவன் கையில் கோலைக் கொடுத்து இன்னொரு அடிமையை அடிக்கச் சொல்வது அந்தத் தண்டவாளத்தின் இரு பக்கங்களிலும் நடந்தது. கொரியாவில் இவர்களின் பிள்ளைகள் ஒரு பக்கம் ஜப்பானியருக்குத் துணைபோனவர்களின் பிள்ளைகள் என்ற ஏச்சையும் மறுபக்கம் ஜப்பான் கைவிட்ட அநாதைகள் என்ற நிலையையும் சேர்த்தே சுமந்தார்கள். அவர்களோடு பேச நேர்ந்தால் அதிகம் பேச வேண்டியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. கங்காணி என்ற ஒரு சொல்லை விளக்கினால் போதும்.

பாலத்துக்கு அருகே, 1944இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. அங்கே இறந்தவர்களுக்காகப் பல மொழிகளில் வாசகம் பொறித்திருக்கிறார்கள். தமிழும் அவற்றில் ஒன்று. கொன்றவர்கள் போர் முடியும் முன்பே நமக்குத் தமிழில் ஒரு கல் வைத்துவிட்டார்கள். நம்முடைய நடுகல் காஞ்சனபுரிக்குப் போய்ச்சேர எண்பது ஆண்டுகள் ஆயின. இடையில் 1960களில் சீன சமூகம் ரத்தக் கடன் என்ற பெயரிலேயே இழப்பீடு கேட்டுப் போராடியது. 1967இல் ஜப்பான் 2.5 கோடி வெள்ளி மதிப்புள்ள கப்பல்களை மலேசியாவுக்குத் தந்து கணக்கை முடித்தது. லயத்துக் கதவை யாரும் தட்டவில்லை. நாமும் உரக்கக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்கு வறுமை, படிப்பின்மை, தலைமையின்மை என்று பல காரணங்கள் சொல்வார்கள். கேட்கத் தெரிந்த வீடுகளில் சில என் வீட்டைப் போன்றவை என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நேதாஜியைப் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லிப் பதிப்பகம் கேட்கவில்லை. படித்துப் பார்த்த நண்பர் ஒருவர்தான் கேட்டார். ஆதலால் சுருக்கமாகவே சொல்கிறேன். தண்டவாளம் இணைந்த நான்காம் நாள், 1943 அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் நேதாஜியின் தலைமையில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. தோட்டத்துப் பெண்கள் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள், அவருடைய இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். சயாமுக்குப் போகாமல் தப்பவே அந்த ராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. பர்மாப் போர்முனைக்குத் தளவாடம் கொண்டுபோகத்தான் அந்தத் தண்டவாளம் போடப்பட்டது. அந்தப் போர்முனையிலிருந்துதான் 1944இல் ஜப்பானியரும் நேதாஜியின் படையும் இந்தியாவின் இம்பால் மீது படையெடுத்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் தண்டவாளத்தின் கீழே கிடக்க, தம்பி அந்தப் படையில் நடந்திருக்க முடியும். இரண்டும் நம்முடைய பெருமைக்கும் துயரத்துக்கும் உரியவை. ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை மறைக்க வேண்டும் என்று பிள்ளைகள் யாரும் நம்மிடம் கேட்கவில்லை.

கொடுமையை எவ்வளவு காட்டலாம் என்ற கேள்வியில் உங்களோடு எனக்கு முழு உடன்பாடு. முதல் வரைவில் காலரா முகாமைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருந்தேன். கேள்விப்பட்டவற்றில் எதையும் விட்டுவிடக் கூடாது என்ற வெறியில் எழுதியவை அவை. திரும்பப் படித்தபோது, இறந்தவர்களை நான் மறுபடியும் குவியலாகத்தான் போட்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. ஜப்பானியப் பொறியாளர்களும் அவர்களைக் குவியலாகத்தான் பார்த்தார்கள். எட்டு பக்கத்தைக் கிழித்தேன். இப்போது அந்த இடத்தில் ஒருவர் மட்டும் இறக்கிறார். அவருக்குப் பெயர் இருக்கிறது, சைக்கிள் ஓட்டத் தெரியும், பெரட்டுக்கு எப்போதும் பிந்தி வருவார். அவர் ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளும் இடத்தில் அத்தியாயம் முடிகிறது. 13 வயதுப் பிள்ளைக்கு அது போதும். 60 வயதுக்காரருக்கும் போதும். பின்னிணைப்பில் எது பதிவில் உள்ளது, எது என் கற்பனை என்று பிரித்து எழுதியிருக்கிறேன். வரலாற்றுப் புனைவு என்று அட்டையில் போட்டு வரும் ஒவ்வொரு நூலிலும் இப்படி இரண்டு பக்கம் இருக்க வேண்டும் என்று தேர்வுக் குழுவினர் வற்புறுத்தலாம். இதுவரை வற்புறுத்தியதாக நான் அறியேன்.

மீதி இருப்பது மன்னிப்பும் பொங்கலும். மன்னிக்க வேண்டியவர்கள் சயாம் காட்டில் கிடக்கிறார்கள். அவர்கள் சார்பில் அவர்களுடைய கொள்ளுப்பேத்தி, அதுவும் ஒரு பள்ளி மாணவி, எதிரே நிற்பவனின் மனம் இலேசாக வேண்டும் என்பதற்காக மன்னித்தேன் என்று சொல்லியாக வேண்டும் என்று எழுதினால், பட்டியலுக்குப் பெயர் வாங்கிய வீட்டிலிருந்து இன்னும் ஒன்றையும் நாம் கேட்டு வாங்குகிறோம். பிள்ளைகளுக்கான கதை நம்பிக்கையோடு முடிய வேண்டும் என்கிறீர்கள். முடியட்டும். அந்த நம்பிக்கைக்கான செலவை எப்போதும் ஒரே வீட்டின் தலையில் எழுதாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

என் நாவலின் கடைசி அத்தியாயத்தை இங்கே சொல்லிவிடுவதில் தவறில்லை. பதிப்பகம் முடிவு தெளிவில்லை என்று எழுதிய அத்தியாயம் அது. 15 வயதுப் பையன் தன் அப்பாயியிடமிருந்து கேட்டு எழுதிய 20 பெயர்களோடு நண்பனின் வீட்டுக்குப் போகிறான். அங்கே நண்பனின் பாட்டி ஆடி அமாவாசைக்கு இலை போட்டுக்கொண்டிருக்கிறாள். கணவன் இறந்தான் என்று யாரும் வந்து சொல்லாததால் அவள் இன்னும் தாலியோடு இருக்கிறாள். இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியின்றி ஆண்டுதோறும் அமாவாசையில் படைக்கிறாள். பையன் நோட்டுப் புத்தகத்தை நீட்டித் தன் தாத்தா யார் என்பதைச் சொல்கிறான். பாட்டி நோட்டை வாங்கவில்லை, அவனைத் திட்டவும் இல்லை, இரு என்றும் போ என்றும் சொல்லவில்லை. "தேதி ஏதாச்சும் எழுதியிருக்காய்யா?" என்று மட்டும் கேட்கிறாள்.

என் நண்பனின் பாட்டி 1981இல் இறந்தார். தாலியோடுதான் இறந்தார். அவர் என்னிடம் கேட்டது இந்த ஒரு கேள்விதான்; அதற்குப் பதில் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆகவே அந்த அத்தியாயத்தை அதற்கு மேல் ஒரு வரிகூட என்னால் நீட்ட முடியாது. கையெழுத்துப் படியை இந்த மாதமே வேறொரு பதிப்பகத்துக்கு அனுப்புகிறேன். கங்காணி அதே தோட்டத்துத் தமிழராகவே இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சிலாங்கூர்